நான்கு கியூபிட்டில் ஷ்விங்கர் மாதிரி: தோட்டத்துப் பட்டணத்து மடிக்கணினியில் புலக் கோட்பாட்டை ஓட்டிப் பார்க்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்துப் பட்டணத்தில் இருந்துகொண்டே, வெற்றிடத்தில் எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஜோடியாகப் பிறப்பதை, ஷ்விங்கர் மாதிரி என்ற எளிய புலக் கோட்பாட்டைக் கொண்டு மடிக்கணினியில் கணக்கிட்டுப் பார்க்கலாம். எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மலேசியத் தேர்வு) அளவுக்கு இயற்பியல், அணிகளைப் பெருக்கத் தெரிந்த கணிதம், கொஞ்சம் பைத்தான் இருந்தால் போதும். 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியே தாராளம். பைத்தானின் கணக்கு நிரல் தொகுப்புகளான நம்பை (NumPy), சைப்பை (SciPy), குவாண்டம் சுற்றுகளுக்கான கிஸ்கிட் (Qiskit) மூன்றையும் வைஃபை உள்ள இடத்தில் ஒரே தடவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி டேட்டாவைக் கரைக்க வேண்டாம். அதற்குப் பிறகு கடைசிக் கட்டம் வரை இணையமே தேவையில்லை.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒழுங்கில்தான் போகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வரவேண்டிய விடை முன்கூட்டியே கையில் இருக்கும். அது பொருந்தாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது. குவாண்டம் கணினி என்றதும் எல்லாரும் நேராக, இணையம் வழி கிடைக்கும் மேகக் கணினிக்கு வேலை அனுப்பப் பறக்கிறார்கள். அங்கிருந்து வரும் எண் சரியா தவறா என்று சொல்ல அவர்களிடம் எதுவும் இருப்பதில்லை.

எதற்காக இந்தச் சிரமம்

புரோட்டானின் நிறையைக் குவார்க்குகளில் இருந்து கணக்கிட இன்றைய மீக்கணினிகளால் முடிகிறது. காலத்தைக் கற்பனைக் காலமாக மாற்றி, ஒவ்வொரு புல அமைப்புக்கும் ஒரு நேர்மறை எடை கொடுத்து, மாண்டே கார்லோ முறையில் மாதிரி எடுக்கிறார்கள். ஆனால் இரண்டு அணுக்கருக்கள் மோதியபின் நொடிக்கு நொடி என்ன நடக்கிறது என்று கேட்டால் அந்த முறை கைவிடுகிறது. உண்மையான காலத்தில் எடைகள் கலப்பெண்களாகி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அடர்த்தி மிகுந்த அணுக்கருப் பொருளுக்கும் இதே சிக்கல்தான். இதைத்தான் குறிச் சிக்கல் என்கிறோம்.

இயற்கை குவாண்டமாக நடந்துகொள்கிறது என்றால் அதைக் கணக்கிடும் கருவியும் குவாண்டமாக இருக்கட்டும் என்ற யோசனையை ஃபைன்மன் 1981இல் பேசி 1982இல் அச்சில் கொடுத்தார். புலக் கோட்பாட்டில் துகள் மோதலைக் கணக்கிடும் முழு வழிமுறையை ஜோர்டன், லீ, பிரெஸ்கில் மூவரும் 2012இல் எழுதினார்கள். 2016இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் நான்கு கால்சியம் அயனிகளைக் கொண்டு ஜோடிப் பிறப்பை ஓட்டிக் காட்டினார்கள். நாம் செய்யப்போவதும் அதே கணக்குதான். 2024இல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஐபிஎம் இயந்திரத்தில் 112 கியூபிட்டுக்கு (கியூபிட் என்பது குவாண்டம் கணினியின் தகவல் அலகு, 0, 1 இரண்டும் கலந்தும் இருக்கும்) அதே மாதிரியைக் கொண்டுபோனது.

மாதிரி என்ன சொல்கிறது

ஷ்விங்கர் மாதிரி என்பது ஒரே ஒரு இடப் பரிமாணத்தில் மின்காந்தவியல். ஜூலியன் ஷ்விங்கர் 1962இல் கொடுத்தது. எளிமையாகத் தெரிந்தாலும் வலிய விசையின் முக்கியக் குணம் ஒன்று இதில் உண்டு. எதிரெதிர் மின்னூட்டங்களைப் பிரித்து இழுத்தால் நடுவில் உள்ள மின்புலம் மெலியாது. இழுக்க இழுக்க ஆற்றல் ஏறிக்கொண்டே போகும்.

இடத்தைத் துண்டு போட வேண்டும். செம்பனை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். மரம் நிற்கும் புள்ளிகளில் துகள்கள், இரண்டு மரத்துக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் மின்புலம். கோகட்டும் சஸ்கிண்டும் 1975இல் வகுத்த முறைப்படி ஒற்றைப்படைப் புள்ளிகள் எலக்ட்ரானுக்கு, இரட்டைப்படைப் புள்ளிகள் பாசிட்ரானுக்கு. ஒரு புள்ளிக்கு ஒரு கியூபிட். கியூபிட் 0 என்றால் இசட் மதிப்பு +1, கியூபிட் 1 என்றால் −1.

ஒற்றைப்படைப் புள்ளியில் 0 இருந்தால் காலி, 1 இருந்தால் எலக்ட்ரான் (மின்னூட்டம் −1). இரட்டைப்படைப் புள்ளியில் 1 இருந்தால் காலி, 0 இருந்தால் பாசிட்ரான் (மின்னூட்டம் +1). ஆகவே நான்கு புள்ளியில் வெறும் வெற்றிடம் 0101. இதைப் பலர் 0000 என்று எடுத்துக்கொண்டு தொடங்கிவிடுகிறார்கள். அது வெற்றிடம் அல்ல, மொத்த மின்னூட்டம் 2 உள்ள வேறொரு நிலை.

மின்புலத்துக்குத் தனிக் கியூபிட் வேண்டாம். காஸ் விதிப்படி ஒரு புள்ளியின் வலப்பக்கப் புலம் என்பது இடப்பக்கப் புலத்தோடு அந்தப் புள்ளியின் மின்னூட்டத்தைக் கூட்டியது. இடது ஓரத்தில் புலம் பூச்சியம் என்று வைத்தால் எல்லா இணைப்பிலும் புலம் தானாகத் தெரிந்துவிடும். ஒரு பரிமாணத்தில் மட்டும் கிடைக்கும் சலுகை இது.

ஆற்றல் மூன்று பகுதியாக வரும். பக்கத்துப் புள்ளிகள் இரண்டும் 01, 10 என்று இடம் மாற்றிக்கொள்ளும் துள்ளல். துகள்களின் நிறை: ஒற்றைப்படைப் புள்ளிக்கு நிறையின் பாதி × (−இசட்), இரட்டைப்படைப் புள்ளிக்கு நிறையின் பாதி × (+இசட்). கடைசியாக, ஒவ்வொரு இணைப்பிலும் புலத்தின் வர்க்கம் × புல எண். துள்ளல் எண் = 1 ÷ (2 × இடைவெளி). புல எண் = மின்னூட்ட வலுவின் வர்க்கம் × இடைவெளி ÷ 2. இங்கே துள்ளல் எண் 1, புல எண் 1, நிறை 0.5 என்று வைத்துக்கொள்வோம். இதற்கு இடைவெளி 0.5, மின்னூட்ட வலு 2.

முதலில் காகிதத்தில்: இரண்டு புள்ளி

மொத்த மின்னூட்டம் பூச்சியம் உள்ள நிலைகள் இரண்டுதான்: 01 (வெற்றிடம்), 10 (ஒரு ஜோடி). வெற்றிடத்தின் ஆற்றல் −0.5. ஜோடியின் ஆற்றல் 0.5 + 1 = 1.5. இரண்டையும் இணைக்கும் துள்ளல் 1. இந்த 2×2 அணியின் ஐகன் மதிப்புகள் (அதாவது அமைப்புக்கு இருக்கக்கூடிய ஆற்றல்கள்) 0.5 − √2 = −0.9142, 0.5 + √2 = 1.9142.

தாழ்ந்த நிலையில் ஜோடி இருப்பதற்கான நிகழ்தகவு 0.146. அதாவது உண்மையான வெற்றிடம் 01 அல்ல, ஜோடியும் கலந்தது. 01இல் தொடங்கிக் காலத்தை ஓட்டினால் ஜோடி நிகழ்தகவு 0.5 × சைன்²(√2 × காலம்). காலம் 1.1107 ஆகும்போது அது உச்சத்தைத் தொட்டு 0.5 ஆகிறது. இந்த இரண்டு எண்களையும் தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

நான்கு புள்ளி: ஆறு நிலை

நான்கு கியூபிட்டுக்கு 16 நிலை இருந்தாலும் மின்னூட்டம் பூச்சியம் ஆவது ஆறில் மட்டும். இடமிருந்து வலமாக எழுதினால்:

0101 — வெற்றிடம், ஆற்றல் −1
1001 — முதல் இரண்டு புள்ளியில் ஜோடி, ஆற்றல் 1
0110 — கடைசி இரண்டு புள்ளியில் ஜோடி, ஆற்றல் 1
0011 — நடுவில் ஜோடி, ஆற்றல் 1
1010 — இரண்டு ஜோடி, ஆற்றல் 3
1100 — இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு துகள், ஆற்றல் 3

துள்ளல் இணைப்புகள்: 0101இல் இருந்து 1001, 0110, 0011 மூன்றுக்கும், 1010இல் இருந்து 1001, 0110, 1100 மூன்றுக்கும். எல்லாம் 1. இந்த 6×6 அணியை நம்பையில் கொடுத்தால் தரைநிலை (மிகத் தாழ்ந்த ஆற்றல்) −2.0755, அடுத்தது 0.5503 என்று வரவேண்டும். நடுவில் சரியாக 1 என்று ஒரு மதிப்பும் நிற்கும். 1001, 0110 இரண்டும் எதிர்க்குறியோடு சேர்ந்த நிலை அது. இது வரவில்லை என்றால் துள்ளல் இணைப்பு ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது.

கடைசி இரண்டு நிலைகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 1100இல் எலக்ட்ரான் இடக்கோடியில், பாசிட்ரான் வலக்கோடியில். நடுவில் உள்ள மூன்று இணைப்பிலும் மின்புலம் நீண்டு கிடக்கிறது. நடுப்புள்ளிகள் இரண்டும் இடம் மாறினால் அது 1010 ஆகிறது: நடுவில் புதிதாக ஒரு ஜோடி பிறந்து, நீண்ட புலத்தை இரண்டு குட்டைத் துண்டாக அறுத்துவிடுகிறது. குவார்க்கைத் தனியாகப் பிய்த்து எடுக்க முடியாமல் புதிய மேசான் (குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்) பிறப்பது இதே வழியில்தான். ஜோடி பிறக்க ஆகும் செலவு நிறையைப் போல் இருமடங்கு, அதாவது 1. ஒரு இணைப்பின் புலம் அழிவதால் மிச்சம் 1. செலவும் வரவும் சமமாக இருப்பதால் அறுபடுவது சுலபம். நிறையை 2 ஆக்கிப் பாருங்கள்: செலவு 4, மிச்சம் 1. புலம் பெரும்பாலும் அறுபடாமல் அப்படியே நிற்கும். துகள் இயற்பியலின் ஆழமான விஷயம் ஒன்று ஆறே நிலைகளில் கண்முன்னால் நடக்கிறது. வெற்றிடத்தில் தொடங்கும் கணக்கு முடிந்ததும் 1100இல் தொடங்கி இரண்டு நிறைக்கும் ஓட்டிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

கிஸ்கிட்டுக்கு மாற்றுதல்

கிஸ்கிட்டுக்கு ஆற்றலை எக்ஸ், ஒய், இசட் என்ற பாலி அணிகளில் (ஒரு கியூபிட்டின் மேல் செயல்படும் 2×2 அணிகள்) எழுதிக் கொடுக்க வேண்டும். மேலே உள்ள எண்களுக்குக் கெழுக்கள் இவை. மாறிலி 2. தனி இசட்: முதல் புள்ளிக்கு −1.25, இரண்டாவதற்கு −0.25, மூன்றாவதற்கு −0.75, நான்காவதற்கு +0.25. இசட்-இசட்: புள்ளி 1, 2க்கு 1, புள்ளி 1, 3க்கு 0.5, புள்ளி 2, 3க்கு 0.5. பக்கத்துப் புள்ளிகள் மூன்று ஜோடிக்கும் எக்ஸ்-எக்ஸ் 0.5, ஒய்-ஒய் 0.5.

முதல் தவறு இங்கேதான் நடக்கும். கிஸ்கிட் கியூபிட்டுகளை வலமிருந்து இடமாக எழுதுகிறது. எண்ணுவதும் 0இல் இருந்து. நம்முடைய முதல் புள்ளி, அதன் கணக்கில் வலக்கோடியில் உள்ள கியூபிட் 0. ஆகவே வெற்றிடம் திரையில் 1010 என்று தெரியும். குழப்பம் வந்தால் தொடக்க நிலையின் ஆற்றலைக் கேளுங்கள். −1 வந்தால் சரி. 3 வந்தால் வரிசையைத் தலைகீழாகப் படித்துவிட்டீர்கள்.

இரண்டாவது தவறு 2 என்ற காரணி. சுழற்சிக் கேட்டுகள் (கியூபிட்டுகளைத் திருப்பும் அடிப்படைச் செயல்கள்) எல்லாம் கோணத்தின் பாதியைத்தான் அடுக்கில் வைக்கின்றன. எனவே கேட்டுக்குக் கொடுக்கும் கோணம் = 2 × கெழு × காலத்துண்டு. காலத்துண்டு 0.1 என்றால் எக்ஸ்-எக்ஸ், ஒய்-ஒய் இரண்டுக்கும் 0.1, புள்ளி 1, 2க்கான இசட்-இசட்டுக்கு 0.2. ஆற்றல் சரியாக வந்தும் காலப்போக்கு இருமடங்கு வேகமாகவோ பாதி வேகமாகவோ ஓடினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது தவறுதான் கண்டுபிடிக்கச் சிரமமானது. எல்லா எக்ஸ்-எக்ஸையும் முதலில் வரிசையாகப் போட்டு, பிறகு எல்லா ஒய்-ஒய்யையும் போடுகிறார்கள். தனித்தனியாக எடுத்தால் இந்த இரண்டுமே மின்னூட்டத்தைக் காப்பாற்றாது. ஒரே ஜோடியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால்தான் காப்பாற்றும். ஆகவே ஒரு ஜோடியை முழுதாக முடித்துவிட்டு அடுத்த ஜோடிக்குப் போங்கள். சத்தமே (இயந்திரப் பிழையே) இல்லாத கணிப்பில்கூட ஆறு நிலைக்கு வெளியே நிகழ்தகவு கசிந்தால் இதைச் சரிபாருங்கள்.

காலத்தைத் துண்டு போடுதல்

துள்ளலும் புலமும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் பெருக்கினால் ஒரே விடை தராதவை. அதனால் காலத்தைச் சிறு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் துள்ளல், பிறகு புலமும் நிறையும் என்று மாற்றி மாற்றிச் செலுத்துகிறோம். இதுதான் டிராட்டர் முறை. துண்டு பெரிதானால் என்ன ஆகும் என்பதை இரண்டு புள்ளிக் கணக்கில் பார்த்துவிடலாம். காலம் 1.1107இல் வரவேண்டிய ஜோடி நிகழ்தகவு 0.5. ஒரே துண்டில் செய்தால் 0.803. இரண்டு துண்டில் 0.580. நான்கில் 0.519. எட்டில் 0.505. உங்கள் நிரலும் இதே நான்கு எண்களைக் கொடுக்க வேண்டும். நூறு துண்டு போட்டு 0.5 வந்துவிட்டது என்று திருப்திப்படுவதைவிட, தவறான 0.803ஐயும் சரியாகப் பிடிப்பது நிரலைப் பற்றி அதிகம் சொல்லும்.

நான்கு புள்ளிக்கு ஒரு சோதனை எண்: வெற்றிடத்தில் தொடங்கிக் காலம் 0.1இல் இன்னும் 0101ஆகவே இருக்கும் நிகழ்தகவு 0.9704. தொடக்கத்தில் அது 1 − 3 × காலத்தின் வர்க்கம் என்ற கணக்கில் குறையும். வெற்றிடத்தில் இருந்து மூன்று துள்ளல் வழி இருப்பதால்தான் அந்த 3.

மடிக்கணினியில் எதுவரை போகலாம்? முழு அலைச்சார்பைச் சேமிக்க 20 கியூபிட்டுக்கு 16 எம்பி போதும். 25க்கு 512 எம்பி. 28க்கு 4 ஜிபி, அங்கே 8 ஜிபி கணினி திணற ஆரம்பிக்கும். 20க்கு மேல் நீண்ட ஓட்டம் என்றால் சில துண்டுக்கு ஒருமுறை விடையைக் கோப்பில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சாயங்காலம் இடி மழை பிடித்து மின்சாரம் போனாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். தகரக் கூரை வீட்டில் மத்தியானச் சூட்டில் கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீண்ட ஓட்டத்தை இரவுக்கு வைப்பது நல்லது.

உண்மையான இயந்திரம்

இத்தனையும் பொருந்திய பிறகே மேகக் கணினி. இலவசமாகக் கிடைக்கும் இயந்திர நேரம் சொற்பம், அதனால் எல்லாச் சுற்றுகளையும் ஒரே கட்டாக அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். வேலை வரிசையில் நின்று தானாக முடியும். விடையைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அனுப்பும் முன், இரண்டு கியூபிட்டைப் பிணைக்கும் சி-நாட் கேட்டுகளை எண்ணுங்கள். எக்ஸ்-எக்ஸும் ஒய்-ஒய்யும் சேர்ந்த ஒரு துள்ளலுக்கு இரண்டு, ஒரு இசட்-இசட்டுக்கு இரண்டு. நான்கு புள்ளியில் ஒரு துண்டுக்கு மொத்தம் 12. புள்ளி 1, 2இலும் புள்ளி 2, 3இலும் துள்ளலையும் இசட்-இசட்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதினால் ஒவ்வொன்றும் மூன்றில் முடியும். மொத்தம் 10 ஆகும். புள்ளி 1, 3 பக்கத்துப் பக்கத்தில் இல்லை. மீக்கடத்திச் சில்லில் அவற்றைச் சேர்க்க இடமாற்றக் கேட் வேண்டும், அதற்கு இன்னும் மூன்று சி-நாட். அயனிப் பொறியில் எந்த இரண்டு கியூபிட்டையும் நேராகச் சேர்க்கலாம் என்பதால் இந்தச் செலவு இல்லை. ஒரு சி-நாட்டில் 1 விழுக்காடு பிழை என்று வைத்தால் 48 கேட்டுக்குப் பிறகு பிழையே படாத ஓட்டம் 62 விழுக்காடு. அதனால் துண்டுகளைக் கூட்டிக்கொண்டே போவது ஒரு கட்டத்துக்கு மேல் விடையைக் கெடுக்கும். நான்கு துண்டுக்குள் நிறுத்துங்கள்.

ஒவ்வொரு சுற்றையும் 4000 முறை அளந்தால் புள்ளியியல் பிழை அதிகபட்சம் 0.008. அளவு வந்ததும் இரண்டு கியூபிட் 1, இரண்டு கியூபிட் 0 என்று இல்லாத வரிகளைத் தள்ளிவிடுங்கள். மின்னூட்டம் கெட்ட வரிகள் அவை, இயற்பியல் அனுமதிக்காதவை. எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் கட்டாயம் எழுதி வையுங்கள். 85 விழுக்காடு மிஞ்சினால் சந்தோஷப்படலாம். 40க்குக் கீழே போனால் எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். காரணம், வெறும் சத்தமாக இருந்தாலும் 16இல் 6, அதாவது 37.5 விழுக்காடு தானாகவே மிஞ்சும். வடிகட்டிய பிறகு வரைபடம் அழகாகத் தெரிவதை நம்பி ஏமாறுவது இந்த வேலையில் மிக எளிது.

பிறகு சத்தத்தை வேண்டுமென்றே கூட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு சி-நாட்டையும் மூன்று சி-நாட்டாக எழுதினால் விளைவு அதேதான், பிழை மட்டும் ஏறத்தாழ மூன்று மடங்கு. இரண்டு அளவையும் கோட்டில் வைத்துப் பிழை பூச்சியத்துக்கு நீட்டினால் திருத்திய விடை. மடிக்கணினி கொடுத்த விடையோடு இதை ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது துல்லியமான விடையோடு அல்ல, அதே எண்ணிக்கைத் துண்டுபோட்ட டிராட்டர் விடையோடு. இல்லாவிட்டால் இயந்திரத்தின் பிழையும் துண்டுபோட்ட பிழையும் கலந்து எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

பெரிதாக்கும்போது

ஆறு புள்ளிக்கு 20 நிலை, இசட்-இசட் ஜோடி 10. எட்டுப் புள்ளிக்கு 70 நிலை, 21 ஜோடி. இருபதுக்கு 171 ஜோடி. துள்ளல் புள்ளிக்கு ஏற்பக் கூடுகிறது, இசட்-இசட் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. சுமை முழுவதும் அங்கேதான். 112 கியூபிட் வேலையில் தூரத்து ஜோடிகளை வெட்டிவிட்டார்கள். மின்னூட்டங்கள் ஒன்றையொன்று மறைப்பதால் தூரத்துத் தொடர்பு அடுக்குக்குறி வேகத்தில் தேய்கிறது, அந்த இயற்பியலைத் தெரிந்து வெட்டியது அது. எட்டுப் புள்ளியில் மூன்று புள்ளிக்கு அப்பால் உள்ளதை வெட்டிப் பார்த்து, தரைநிலை எவ்வளவு நகர்கிறது என்று நீங்களே அளக்கலாம். வெட்டும்போது இசட்-இசட் வடிவில் அல்ல, மின்னூட்ட வடிவில் எழுதி வெட்டுங்கள். இசட் வடிவில் வெட்டினால் வெற்றிடத்தின் ஆற்றலே நகர்ந்துவிடும்.

தொடர்ச்சியான வெளிக்குத் திரும்ப ஒரு உரைகல் உண்டு. நிறை பூச்சியம் என்றால் இந்த மாதிரியின் மிக இலேசான துகளின் நிறை மின்னூட்ட வலு ÷ √π, அதாவது வலுவைப் போல் 0.5642 மடங்கு. நான்கு புள்ளியில் இதை எதிர்பார்க்க வேண்டாம். இடைவெளியும் பெரிது, பெட்டியும் சிறிது. மடிக்கணினியில் புள்ளிகளை 8, 12, 16 என்று கூட்டி முதலில் பெட்டியின் நீளத்தை நீட்டுங்கள். விடை அசையாமல் நின்ற பிறகே இடைவெளியைக் குறையுங்கள். இடைவெளியை மாற்றும்போது துள்ளல் எண்ணும் புல எண்ணும் இரண்டுமே மாறும் என்பதை மறக்காதீர்கள்: இடைவெளி 0.25, வலு 2 என்றால் துள்ளல் எண் 2, புல எண் 0.5.